அரசறிவியல், மெய்யியல், பொருளியல்: மூன்றையும் சேர்த்துப் படிப்பது எப்படி

ஏ.எல்லில் கலைப்பிரிவு முடித்த திருகோணமலைப் பிள்ளைகளிடம் எல்லோரும் "எந்தப் பாடம் எடுக்கப் போறாய்" என்று ஒன்றைத்தான் கேட்கிறார்கள். மூன்றைச் சேர்த்தே படிக்கலாம். ஒக்ஸ்போர்டில் 1920களிலேயே இதை ஒரே பட்டமாகத் தொடங்கிவிட்டார்கள். இங்கே அப்படி ஒரே பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம், பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கலைப்பீடத்தில் மூன்று பாடங்களும் இருக்கின்றன. எவற்றைச் சேர்த்து எடுக்க விடுவார்கள், எந்த மொழியில் கற்பிப்பார்கள் என்பதைப் பதிவுக்கு முன்பே பீடத்தின் கைநூலில் பாருங்கள்.

சரி, படிப்பது எப்படி? மூன்று கொப்பிகளில் மூன்று பாடமாகப் படித்தால் மூன்றும் ஒட்டாது. நம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, பட்டம் முடியும்வரை அதை விடாமல் வைத்திருங்கள். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளையே எடுங்களேன். பிரித்தானியர் கட்டியவை, மொத்தம் 99. அவற்றைப் பற்றி 1987இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு கடிதங்கள் பரிமாறினார்கள், 2022 ஜனவரியில் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு என்று பிரித்தார்கள். இதை யார் முடிவு செய்தார், மாகாண சபைக்கு இதில் என்ன இடம் என்று கேட்டால் அது அரசறிவியல். டொலர் இல்லாத நாட்டுக்கு எண்ணெய்க் களஞ்சியம் என்ன பெறுமதி, அதே வருடம் ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த அரசுக்குப் பேரம் பேச எவ்வளவு பலம் இருந்திருக்கும் என்பது பொருளியல். இன்னும் பிறக்காத பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட யாருக்கு உரிமை, பக்கத்தில் குடியிருக்கும் சனத்துக்கு அதில் பங்கு உண்டா என்பது மெய்யியல், இந்த இடத்தில்தான் பலர் "அது அவரவர் கருத்து" என்று சொல்லி நழுவுகிறார்கள், நழுவாதீர்கள். உங்களுக்குப் பிடிக்காத பக்கத்தின் வாதத்தை அந்தப் பக்கத்தாரே ஒத்துக்கொள்ளும்படி ஒரு தாளில் எழுதிவிட்டு, அப்புறம் மறுத்து எழுதுங்கள். வாரம் ஒன்று போதும்.

இந்தியப் பொருளியலாளர் அமர்த்தியா சென் எழுதியவற்றைக் கட்டாயம் படியுங்கள். 1943 வங்காளப் பஞ்சத்தில் அரிசி இல்லாமல் போனதைவிட, அதை வாங்கும் வழியைக் கூலிச்சனம் இழந்ததுதான் பெரிய காரணம் என்று காட்டியவர். மூன்று பாடமும் ஒரே தலைக்குள் எப்படி வேலை செய்யும் என்பது அங்கே தெரியும்.

கணிதம்தான் பலரைத் துரத்துகிறது. ஓ.எல்லோடு கணிதத்தை விட்டவர்களுக்குப் பொருளியல் முதல் வருடம் கடுமையாகவே இருக்கும். பெறுபேறு வந்து வளாகம் தொடங்கும்வரை கிடைக்கும் நீண்ட காலத்தில் வரைபு, சாய்வு, சார்பு, அடிப்படைப் புள்ளிவிபரம் நான்கையும் முடித்துவிடுங்கள். ஆங்கில வாசிப்பையும் அப்போதே தொடங்குங்கள், நல்ல நூல்களில் பெரும்பாலானவை இன்னும் தமிழுக்கு வரவில்லை.

சிறப்புப் பட்டத்துக்கு ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்றால் பொருளியலை எடுத்து, மெய்யியலைத் துணைப்பாடமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். அரசறிவியலை ஆர்வம் இருந்தால் நூலகத்தில் இருந்து நீங்களாகவே தொடரலாம், பொருளியலுக்கு வேண்டிய புள்ளிவிபரவியலை அப்படித் தனியாக இருந்து படித்து முடித்தவர்கள் குறைவு.