எல்லா 'வருவே'னுக்கும் 'வில்'லை எடுக்காதீர்கள்

ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறார். ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விஷயம் இதுதான். முந்தின நாள் வெளிநாட்டுக்காரர் இரண்டு பேரைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். திரும்பும்போது பேச்சுவாக்கில், "எவ்ரி மார்னிங் ஐ வில் கம் டு அக்னி தீர்த்தம்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் அவருக்கு ராமநாதபுரத்துக்கு ஒரு சவாரி கிடைத்தது, போய்விட்டார். அந்த இரண்டு பேரும் விடிகாலையிலிருந்து அக்னி தீர்த்தக் கரையில் நின்றிருக்கிறார்கள். சாயங்காலம் ரத வீதியில் பார்த்ததும், "யூ செட் யூ வுட் கம்!" என்று பிடித்துக்கொண்டார்களாம்.

"தினமும் வருவேன்னுதானே சார் சொன்னேன்? நாளைக்கு வருவேன்னா சொன்னேன்?"

தமிழில் அவர் சொன்னது சரி. ஆங்கிலத்தில் அந்த இரண்டு பேர் கேட்டுக்கொண்டதும் சரி. கோளாறு 'வருவேன்' என்ற சொல்லை எடுத்து அப்படியே 'ஐ வில் கம்' என்று வைத்ததில் இருக்கிறது. எதிர்காலம் பேசும்போது நம்மவர்கள் செய்யும் பிழைகளில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. தனுஷ்கோடி என்றாலே வில்லின் முனை என்றுதான் பொருள். அந்த ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் வில்லைக் கொஞ்சம் அதிகமாகத்தான் தூக்குகிறோம்.

வழக்கத்துக்கு 'வில்' வேண்டாம்

நம் எதிர்கால வினை எதிர்காலத்தை மட்டும் சொல்வதில்லை. "காலையில நாலு மணிக்கு எந்திரிப்பேன், டீ குடிப்பேன், வலையை எடுத்துட்டுக் கடலுக்குப் போவேன்." இதில் நாளைய சேதி எதுவும் கிடையாது. இது அன்றாட வழக்கம். இதை ஆங்கிலத்தில் சொல்ல 'ஐ கெட் அப் அட் ஃபோர், ஐ ட்ரிங்க் டீ, ஐ கோ டு சீ' என்ற சாதாரண நிகழ்காலம் போதும். 'வில்' போட்டால் கேட்பவருக்கு அது வாக்குறுதியாகவோ நாளைய திட்டமாகவோதான் படும்.

கீழக்கரையிலிருந்து வரும் ஒரு காக்காவுக்கு (அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) இது வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. துபாயில் ஒரு கடைக்கு வீடியோ நேர்காணல். இப்போது பார்க்கும் வேலையில் தினமும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஐ வில் செக் த ஸ்டாக், ஐ வில் ரைட் த பில்" என்று அடுக்கியிருக்கிறார். இதையெல்லாம் இனிமேல்தான் செய்யப் போகிறாரா, இப்போது செய்வதில்லையா என்று எதிரே இருந்தவருக்குக் குழப்பம். 'ஐ செக் த ஸ்டாக்' என்றிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இன்னொரு படி மேலே போனால், நம் 'செய்யும்' என்ற வடிவம் கடந்த காலத்தையும் பிடித்துக்கொள்கிறது. "எங்க அப்பத்தா காலத்துல தனுஷ்கோடி வரைக்கும் ரயில் போகும்" என்று இன்றும் பாம்பனில் பேசுவார்கள். 1964 டிசம்பர் புயல் அந்தத் தண்டவாளத்தையே கடலுக்குள் இழுத்துக்கொண்டது. ஆனாலும் தமிழில் 'போகும்' என்றுதான் வாயில் வருகிறது. ஒரு மாணவி இதை 'பிஃபோர் 1964 த ட்ரெய்ன் வில் கோ டு தனுஷ்கோடி' என்று எழுதினாள். வேண்டியது 'யூஸ்டு டு கோ'. முன்பு நடந்து, இப்போது நின்றுபோன பழக்கத்துக்கு ஆங்கிலம் தனியாக வைத்திருக்கும் சொல் அது.

ஆங்கிலத்திலும் ஒருவருடைய சுபாவத்தைச் சொல்ல 'வில்' வரும் இடம் உண்டு. அது கைபழகியவர்கள் சமாசாரம். முதல் ஓராண்டு அதைத் தொடாதீர்கள்.

'வரும்போது' வேறு, 'எப்போது வருவார்' வேறு

எனக்கு எந்தப் பிழையைத் திருத்த அதிக நேரம் போகிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 'இஃப் இட் வில் ரெய்ன், வி வில் நாட் கோ.' 'வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்.' இரண்டிலும் முதல் 'வில்' கூடாது. 'இஃப் இட் ரெய்ன்ஸ், வி வோன்ட் கோ.' 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.' இஃப், வென், ஆஃப்டர், பிஃபோர், அன்டில், அஸ் சூன் அஸ் ஆகியவற்றை ஒட்டி வரும் துண்டில் காரியம் நாளைக்கே நடப்பதானாலும் வினை நிகழ்காலத்திலேயே நிற்கும். 'வில்' அடுத்த துண்டுக்குத்தான்.

ஏன் தப்புகிறோம்? 'வரும்போது' என்பதில் 'வரும்' இருக்கிறதே, அதனால் 'வில்' நுழைகிறது. இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. 'அவர் வந்ததும் சொல்றேன்' என்பதில் 'வந்த' என்று இறந்தகாலம் தெரிவதால் 'ஆஃப்டர் ஹி கேம், ஐ வில் டெல்' என்று எழுதிவிடுவார்கள். அதுவும் தவறு. 'ஆஃப்டர் ஹி கம்ஸ்' என்பதே சரி.

பாம்பன் பாலத்தை வைத்துத்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டு கைகளாக மேலே விரிந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே நெட்டுக்குத்தாக ஏறும். எந்தப் பாலமானாலும் கதை ஒன்றுதான்: பாலம் திறந்ததும் படகுகள் கடக்கும். 'வென் த பிரிட்ஜ் ஓப்பன்ஸ், த போட்ஸ் வில் பாஸ்.' பாலத்துக்கு நிகழ்காலம், படகுக்கு 'வில்'. வகுப்பில் யாராவது தப்பினால் மற்றவர்கள் "பாலம், பாலம்" என்று கத்துவார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு மாணவர்களைக் குழப்பும். 'டு யூ நோ வென் ஹி வில் கம்?' என்பது சரியான வாக்கியம். 'ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்' என்பதும் சரி. அப்படியானால் சொன்ன விதி என்ன ஆயிற்று? இங்கே நம் தமிழே கைகொடுக்கும். மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'வரும்போது', 'வந்ததும்', 'வந்தால்' என்று வந்தால் 'வில்' வேண்டாம். 'எப்போது வருவார்', 'வருவாரா என்று' என வந்தால் 'வில்' போடலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'வென்', ஒரே 'இஃப்'. தமிழில் வேறு வேறு. இலக்கணப் புத்தகங்கள் ஒரு பக்கம் எழுதுவதை நம் காது நொடியில் பிரித்துவிடும்.

கூண்டு ஏறினால், டிக்கெட் கையில் இருந்தால்

'வில்' எங்கே, 'கோயிங் டு' எங்கே என்று கேட்டுப் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். என் கருத்தில் இதற்கு அவ்வளவு கவலை தேவையில்லை. பல இடங்களில் எதைப் போட்டாலும் ஓடும். ஓடாத இடங்கள் சிலவற்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

'கோயிங் டு' நமக்கு அந்நியம் கிடையாது. 'மழை பெய்யப் போகுது', 'புது வலை வாங்கப் போறேன்' என்று நாமும் 'போ'வைத்தான் துணைக்கு அழைக்கிறோம். எங்கெல்லாம் தமிழில் 'போகுது, போறேன்' இயல்பாக வருகிறதோ அங்கெல்லாம் 'கோயிங் டு' பொருந்தும். கண்ணெதிரே அறிகுறி தெரிகிறபோது அதுதான் சரி. வானம் கறுத்து, பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டும் ஏற்றிவிட்டார்கள் என்றால் 'இட் இஸ் கோயிங் டு பி ரஃப்'. முன்பே தீர்மானித்துவிட்ட காரியத்துக்கும் அதேதான்.

அந்த நொடியில் முளைக்கும் முடிவுக்கு 'வில்'தான். ஐஸ் பெட்டியைத் தூக்க முடியாமல் ஒருவர் திணறுகிறார். நீங்கள் ஓடிப்போய் 'ஐ வில் ஹெல்ப் யூ' என்பீர்கள். அங்கே 'ஐ ஆம் கோயிங் டு ஹெல்ப் யூ' என்றால் நேற்றே திட்டம் போட்டு வந்த மாதிரி இருக்கும்.

நாள் குறித்து, டிக்கெட் எடுத்து, அடுத்தவரிடமும் சொல்லி முடித்த ஏற்பாடு என்றால் 'ஐ ஆம் ஃப்ளையிங் டு துபாய் ஆன் சண்டே'. 'ஞாயித்துக்கிழமை போறேன்' என்று நாமும் நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்! ஆனால் 'போறேன்' என்பதைப் பார்த்து 'ஐ கோ ஆன் சண்டே' என்று எழுதாதீர்கள். 'ஐ ஆம் கோ' என்பது அதைவிட மோசம். அட்டவணைப்படி நடப்பதற்குத்தான் சாதாரண நிகழ்காலம்: ரயில் இரவில் புறப்படுகிறது என்றால் 'த ட்ரெய்ன் லீவ்ஸ் டுநைட்'. ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடையும் அந்தக் கணக்குதான். 'த பேன் எண்ட்ஸ் ஆன் ஜூன் ஃபோர்டீன்த்.' அரசு குறித்த தேதி, 'வில்' இல்லாமலே நிற்கும்.

போயிருப்பான், வந்திருப்பேன்

"அவன் இந்நேரம் மண்டபம் போயிருப்பான்." இது ஊகம். ஆங்கிலத்தில் 'ஹி வில் ஹேவ் ரீச்ட் மண்டபம் பை நவ்' என்று அச்சாகப் பொருந்தும். அந்தத் தெம்பில், "நேத்தே சொல்லியிருந்தா வந்திருப்பேன்" என்பதற்கும் 'ஐ வில் ஹேவ் கம்' என்று போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் சறுக்கல். சொல்லவில்லை, வரவில்லை, முடிந்த கதை. அதற்கு 'இஃப் யூ ஹேட் டோல்ட் மி யெஸ்டர்டே, ஐ வுட் ஹேவ் கம்'. தமிழில் ஒரே 'இருப்பேன்', ஆங்கிலத்தில் நடக்கவே நடக்காததற்கு 'வுட்'.

இதையொட்டி நேரச் சொற்களும் படுத்தும். 'அஞ்சு மணிக்குள்ள' என்பதற்கு 'வித்இன் ஃபைவ் ஓகிளாக்' என்கிறோம். கடிகார மணிக்கு 'பை ஃபைவ்' என்று வர வேண்டும். 'வித்இன்' கால அளவுக்கு உரியது: 'வித்இன் டூ அவர்ஸ்'. 'அஞ்சு மணி வரைக்கும்' என்றால் 'அன்டில் ஃபைவ்'. 'அன்டில் ஃபைவ் முடித்துத் தருகிறேன்' என்று மெக்கானிக் ஒருவர் வெளியூர்க்காரரிடம் சொன்னால் வண்டி எப்போது கைக்கு வரும் என்று அவருக்குப் புரியாது. 'ரெண்டு மணி நேரம் கழிச்சு வர்றேன்' என்பது 'ஐ வில் கம் இன் டூ அவர்ஸ்'. 'கழிச்சு' இருக்கிறதே என்று 'ஆஃப்டர்' போடத் தோன்றும். தப்பு என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் 'இன்'தான் இயல்பு.

சில்லறைப் பிழைகள்

'ஹி வில் கம்ஸ்', 'ஐ வில் டு கோ', 'ஐ வில் கோயிங்': 'வில்'லுக்குப் பின்னால் வினை மொட்டையாக நிற்க வேண்டும், வாலும் கூடாது, கொம்பும் கூடாது. 'வில் பி' என்பது 'இருப்பேன்'. ஆகவே 'ஐ வில் பி கம்' என்றால் 'இருப்பேன் வா' என்பது போலத்தான். 'ஐ வில் பி அட் ஹோம்', 'ஐ வில் பி வெய்ட்டிங்' சரி. 'நாளைக்கு முடியும்' என்பதற்கு 'வில் கேன்' கிடையாது, 'வில் பி ஏபிள் டு'.

உச்சரிப்பில் ஒன்றை மட்டும் விடமாட்டேன். 'வோன்ட்' என்பதை 'வான்ட்' என்று சொல்லிவிடுகிறோம். 'ஐ வோன்ட் கோ' என்றால் போகமாட்டேன். அதை 'ஐ வான்ட் கோ' என்றால் போக ஆசையாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். போனில் பேசும்போது இது நேர்மாறான சேதியாகிவிடும். சந்தேகமாக இருந்தால் 'வில் நாட்' என்று பிரித்தே சொல்லுங்கள், அவமானம் ஒன்றும் இல்லை. 'ஐ ஷல், வி ஷல்' என்று பழைய பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். பேச்சில் 'ஷல் வி கோ?' என்று, கிளம்பலாமா எனக் கேட்க மட்டும் அது உதவும்.

கடைசியாக 'வந்துட்டேன்'. பயணி போன் செய்கிறார். நம் ஆள் இன்னும் தங்கச்சிமடம் தாண்டவில்லை. "சார், ஐ கேம், ஐ கேம்" என்கிறார். பயணி வாசலுக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்க்கிறார். இதில் நம்மவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. விரைவைக் காட்ட, இனி நடக்கப்போவதை இறந்தகாலத்தில் சொல்வோம் என்பதைத் தொல்காப்பியமே குறித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்த வழக்கம் இல்லை. 'ஐ ஆம் ஆன் மை வே' என்று சொல்லுங்கள். அல்லது 'ஐ வில் பி தேர் இன் டென் மினிட்ஸ்' என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடத்தில் போய் நில்லுங்கள்.

அந்த ஆட்டோ தம்பி இப்போது இரண்டு வாக்கியங்களை ஒரு அட்டையில் எழுதி மீட்டருக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறார். 'ஐ யூஷுவலி கம் ஹியர் இன் த மார்னிங். டுமாரோ ஐ ஆம் கோயிங் டு ராம்நாட், சோ ஐ வோன்ட் பி ஹியர்.' நேற்று வகுப்புக்கு வந்ததும் அவர் கேட்டது இதுதான்: "சார், ராம்நாடு சவாரி வந்தாத்தான் போவேன், வரலைன்னா இங்கதான் இருப்பேன். அதுக்கு எப்படி எழுதணும்?" அவரிடம் சாக்பீஸைக் கொடுத்தேன். கரும்பலகையில் 'இஃப்' என்று எழுதிவிட்டு நிறுத்தினார். பின்னால் பெஞ்சிலிருந்து யாரோ மெதுவாக, "பாலம்ணே, பாலம்" என்றது கேட்டது.