வெள்ளைப்படுதலும் புரோபயாட்டிக் மாத்திரைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைச் சீமையில் வெள்ளைப்படுதலுக்கு மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னரே மூன்று நான்கு வைத்தியங்கள் நடந்து முடிந்துவிடுகின்றன. வீட்டில் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள். வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கச் சொல்வார்கள். உடம்புச் சூடு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் தணிந்த குரலில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கி வருவார்கள். அண்மைக் காலமாக அந்த வரிசையில் புரோபயாட்டிக் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. நல்ல பாக்டீரியாவை உள்ளே அனுப்பினால் கெட்டது தானாக வெளியேறிவிடும் என்று நம்பி மாதக்கணக்கில் அதைச் சாப்பிடும் பெண்கள் இருக்கிறார்கள். இம்மாத்திரைகளுக்கு மருத்துவத்தில் ஓர் இடம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த இடம் சிறியது. அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே பெரும்பாலான தவறுகள் நடந்துவிடுகின்றன.

முதல் தவறு, நோயே இல்லாத இடத்தில் நோயைக் காண்பது. பூப்பெய்திய பெண் எவருக்கும் ஓரளவு வெள்ளைப்படுதல் இயல்பாகவே இருக்கும். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில், கருமுட்டை வெளிவரும் நாட்களில், அது முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாகவும் கூடுதலாகவும் வரும். கருவுற்றிருக்கும்போது இன்னும் கூடும். அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம், நிறமாற்றம் ஆகிய எதுவும் இல்லையென்றால் அதற்கு மருந்து தேவையில்லை. எலும்பு உருகித்தான் வெள்ளையாக வருகிறது என்றும் அதனால்தான் இடுப்பு நோகிறது என்றும் நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்லுகிறார்கள். எலும்புக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த அச்சம் ஒரு பெண்ணின் மனத்தைப் பல ஆண்டுகள் வாட்டுவதைப் பார்க்கும்போது, இதைத் தயங்காமல் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. உளுந்தங்களி சத்தான உணவு, சாப்பிடட்டும். ஆனால் அதை இதற்கான மருந்தாக எண்ணி நாட்களைக் கடத்தக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதில் சேரும் கருப்பட்டியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

யோனியின் நலம் எதைச் சார்ந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றத் தவறுகள் விளங்கும். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் சுரக்கும் வயதில் யோனிச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் சேமிக்கப்படுகிறது. செல்கள் உதிரும்போது அது நொதிகளால் சிறு சர்க்கரைகளாக உடைகிறது. அவற்றை உண்டு லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உருவாக்குகின்றன. அதனால் அங்கே பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல் என்று பொருள்) பொதுவாக 3.8க்கும் 4.5க்கும் இடையில் நிற்கிறது. அந்த அமிலத்தன்மையில் பிற கிருமிகள் பெருக முடிவதில்லை. ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892ஆம் ஆண்டிலேயே இந்தப் பாக்டீரியாக்களைப் பற்றி எழுதினார். 2011இல் வட அமெரிக்காவில் நோய் அறிகுறி இல்லாத 396 பெண்களிடம் நடத்திய ஆய்வில் ஐந்து வகையான நுண்ணுயிர்க் கூட்டங்கள் காணப்பட்டன. நான்கு வகைகளில் கிரிஸ்பேட்டஸ், காசெரி, இனர்ஸ், ஜென்செனி என்னும் லாக்டோபேசில்லஸ் இனங்களில் ஒன்று மேலோங்கியிருந்தது. ஏறத்தாழ நான்கில் ஒரு பெண்ணுக்கோ லாக்டோபேசில்லஸ் மேலோங்காமல் பலவகைப் பாக்டீரியாக்கள் கலந்திருந்தன. ஆகவே, தொல்லை எதுவும் இல்லாத பெண்ணுக்கு வெறும் பரிசோதனைத் தாளை வைத்து "நல்ல பாக்டீரியா குறைவு" என்று மாத்திரை விற்பது முறையாகாது.

அடுத்து, என் பார்வையில் மிகப் பெரிய தவறு, இன்ன நோய் என்று தெரியாமலே மருந்தைத் தொடங்குவது. வெள்ளைப்படுதல் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று நோய்கள் ஒளிந்திருக்கின்றன. பாக்டீரியல் வஜைனோசிஸ் என்பதில் லாக்டோபேசில்லஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா முதலிய பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. சாம்பல் கலந்த வெள்ளையாக நீர்த்து வரும், மீன் வாடை அடிக்கும், அரிப்பு பெரும்பாலும் இருக்காது, பி.எச். 4.5க்கு மேலே போகும். கேண்டிடா பூஞ்சைத் தொற்றில் அரிப்பும் எரிச்சலும்தான் முதன்மையானவை. திரிந்த பால் போலத் திப்பித்திப்பியாக வரும், வாடை இருக்காது, பி.எச். பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி உடலுறவின் வழியே பரவுவது. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வரக்கூடும். கணவனுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தாக வேண்டும். முதலாவதற்கு மெட்ரோனிடசோல் அல்லது கிளிண்டாமைசின், இரண்டாவதற்குப் பூஞ்சைக்கொல்லி, மூன்றாவதற்கு மெட்ரோனிடசோல் என்று மருந்தும் வேறுபடுகிறது.

இந்த வேறுபாட்டைக் கண்டறியப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. 1983இல் வகுக்கப்பட்ட ஆம்செல் அளவுகோல்களின்படி, கசிவின் தன்மை, பி.எச். தாள், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டதும் எழும் வாடை, நுண்ணோக்கியில் தெரியும் பாக்டீரியா மொய்த்த செல்கள் ஆகிய நான்கில் மூன்று இருந்தாலே பாக்டீரியல் வஜைனோசிஸ் உறுதியாகிறது. பாளையங்கோட்டையில் நாம் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று அழைக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் மகளிர் பிரிவிலும் பால்வினை நோய்ப் பிரிவிலும் இதற்குச் செலவின்றிச் சிகிச்சை பெறலாம். பால்வினை நோய்ப் பிரிவு என்ற பெயரைப் பார்த்துக் கூசிப் பின்வாங்குவதும் ஒரு தவறே. கேண்டிடாவும் பாக்டீரியல் வஜைனோசிஸும் உடலுறவால் பரவும் நோய்களின் பட்டியலில் வழக்கமாக இடம்பெறாதவை. திருமணமாகாத பெண்ணுக்கும் கேண்டிடா வரும். மகளுக்கு வெள்ளைப்படுகிறது என்றதும் அவள் நடத்தையைச் சந்தேகிக்கும் தாய்மார்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பூஞ்சைத் தொற்றுக்கு லாக்டிக் அமிலக் களிம்பையும் லாக்டோபேசில்லஸ் மாத்திரையையும் மட்டும் நம்பியிருப்பது ஏன் பயனற்றது என்பதற்கும் மேலே விடை இருக்கிறது: இயல்பான அமிலச் சூழலிலேயே கேண்டிடா வளரும். அரிதாகச் சிலருக்கு லாக்டோபேசில்லஸ் அளவுக்கு மீறிப் பெருகுவதாலேயே பூஞ்சைத் தொற்றை ஒத்த அரிப்பும் எரிச்சலும் உண்டாவதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. அவர்களுக்குப் புரோபயாட்டிக் கொடுத்தால் தொல்லை கூடும்.

தயிர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கடைத் தயிரை உருவாக்குவது பெரும்பாலும் பல்காரிகஸ் என்னும் லாக்டோபேசில்லஸும் ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸும். வீட்டுத் தயிரில் வேறு பல பாக்டீரியாக்களும் கலந்திருக்கும். யோனியில் நிலைத்து வாழும் கிரிஸ்பேட்டஸ் இனம் நம் தயிருக்குரியது அன்று. பெயரில் லாக்டோபேசில்லஸ் என்று இருப்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது. தயிரைப் பஞ்சில் நனைத்து உள்ளே வைப்பது, பூண்டுப் பல்லைச் செருகுவது, தேன் தடவுவது ஆகியவற்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். எந்தக் கிருமி உடன் செல்கிறது என்பதற்கு அங்கே எந்த உறுதியும் இல்லை, பூண்டு மென்சுவரைப் புண்ணாக்கும். தயிரும் மோரும் பழைய சோற்று நீராகாரமும் உணவாக உண்ண நல்லவை. இட்லி மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களோ ஆவியில் வேகும்போது இறந்துவிடுகின்றன. எனவே இட்லியை உயிருள்ள புரோபயாட்டிக் என்று சொல்ல இயலாது.

மாத்திரைகளுக்கு வருவோம். நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பல மாத்திரைகளின் அட்டையில் லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ் என்று அச்சிட்டிருக்கும். அது உண்மையில் பேசில்லஸ் கோவாகுலன்ஸ் என்னும் வித்து உண்டாக்கும் பாக்டீரியா. பழைய பெயர் தவறென்று ஒதுக்கப்பட்ட பின்னும் அட்டைகளில் தங்கிவிட்டது. வயிற்றுப்போக்குக்குத் தரும் சாக்கரோமைசெஸ் பவுலார்டியோ ஒரு வகை ஈஸ்ட். இரண்டும் குடலுக்கானவை, யோனிக்காக அவற்றை வாங்குவது வீண் செலவு. வாங்குவதற்கு முன் அட்டையில் பேரினம், இனம் ஆகியவற்றோடு எழுத்தும் எண்ணுமாக வரும் திரிபுப் பெயரும் (திரிபு என்பது ஓர் இனத்துக்குள் அடங்கும் தனி வகை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் ஆய்வுகள் நடப்பது குறிப்பிட்ட திரிபுகளின் மேல்தான். வாய்வழி உட்கொள்ளும் வகையில் அதிகம் ஆராயப்பட்டவை லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜி.ஆர்.1, லாக்டோபேசில்லஸ் ரூட்டரி ஆர்.சி.14 ஆகிய இரண்டும். அவற்றிலும் முடிவுகள் ஒருமுகமாக இல்லை: சில ஆய்வுகளில் பயன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. வாய்வழி உட்கொள்ள வேண்டிய கேப்சூலைப் பிரித்து யோனியில் வைப்பது ஒருபோதும் கூடாது.

இதுவரை நம்பிக்கை அளிக்கும் சான்று 2020இல் வெளிவந்தது. அமெரிக்காவில் பாக்டீரியல் வஜைனோசிஸ் இருந்த 228 பெண்களுக்கு முதலில் மெட்ரோனிடசோல் களிம்பு கொடுத்து, அதன் பின்னர் ஒரு பிரிவினருக்குக் கிரிஸ்பேட்டஸ் இனத்தின் சி.டி.வி.05 என்னும் திரிபைப் பொடியாகவும் மற்றவர்களுக்கு அந்தப் பாக்டீரியா இல்லாத வெற்றுப்பொடியையும் யோனிக்குள் பதினொரு வாரம் வைத்தார்கள். பன்னிரண்டாம் வாரத்திற்குள் நோய் திரும்பியவர்கள் அந்தத் திரிபைப் பெற்றோரில் 30 விழுக்காடு, வெற்றுப்பொடி பெற்றோரில் 45 விழுக்காடு. பயன் உண்டு, முழுமையானதன்று. இதில் கவனிக்க வேண்டியது வரிசைமுறை. கார்ட்னெரெல்லா பாக்டீரியாக்கள் யோனிச் சுவரின் மேல் பிசுக்குப் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் படலத்தைக் குலைக்காமல் நல்ல பாக்டீரியாவை அனுப்புவது, கொதிக்கிற பாலில் உறைமோர் ஊற்றிவிட்டுத் தயிருக்குக் காத்திருப்பது போன்றது. ஆகவே மெட்ரோனிடசோலுக்குப் பதிலாகப் புரோபயாட்டிக் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவர் ஏழு நாட்களுக்கு எழுதிய மாத்திரையை வாடை நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளில் நிறுத்தவும் கூடாது. கிளிண்டாமைசின் களிம்பு நல்ல லாக்டோபேசில்லஸையும் கொல்லக்கூடியது என்பதால், அதே நாட்களில் லாக்டோபேசில்லஸை உள்ளே வைப்பதில் பொருளில்லை.

சேமிப்பைப் பற்றி ஒரு சொல். குளிரில் வைக்க வேண்டும் என்று அட்டையில் எழுதியிருக்கும் மாத்திரையைச் சித்திரை வெயிலில் பேருந்தில் பையோடு கொண்டுவந்து அடுப்படி அலமாரியில் வைத்தால், அதில் உயிரோடு மிஞ்சுவது மிகக் குறைவாகவே இருக்கும்.

பிரீபயாட்டிக் என்பது நல்ல பாக்டீரியாவுக்கான உணவு. வாழைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு, சிறுகிழங்கு, பனங்கிழங்கு, ஆறிய சோறு என நம் வட்டாரத்தில் அதற்குக் குறைவில்லை. ஆனால் அவை ஊட்டுவது குடலின் பாக்டீரியாக்களைத்தான். யோனியில் இருப்பவற்றுக்கு உடலே கிளைக்கோஜன் வடிவில் உணவு படைக்கிறது. நார்ச்சத்து உணவு இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவுவதால் மறைமுகமாக நன்மை உண்டு, அவ்வளவே.

கழுவுவதில் நேரும் தவறுகளுக்கு அளவே இல்லை. குளியல் சோப்பின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். சோப்பு, கிருமிநாசினித் திரவம், எலுமிச்சைச் சாறு, வாசனைத் திரவம் ஆகியவற்றைக் கொண்டு உட்புறத்தைக் கழுவும் பெண்களிடம் பாக்டீரியல் வஜைனோசிஸ் அதிகமாகக் காணப்படுகிறது. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உட்புறம் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். தாமிரபரணிப் படித்துறையில் குளித்துவிட்டு ஈரப் பாவாடையோடு நெடுநேரம் இருப்பதையும் தவிர்ப்பது நல்லது. மாதவிடாய்த் துணியைப் பிறர் கண்ணில் படாமல் இருட்டறையிலும் சேலைக்கு அடியிலும் உலர்த்தும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். வெயிலில் நன்றாக உலர்ந்த துணியை அணிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடிப்படைக் காரணத்தைத் தேடாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது இன்னொரு தவறு. பூஞ்சைத் தொற்று அடிக்கடி வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைச் சாப்பிடுவோருக்குச் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். அவற்றைத் தாமாக நிறுத்திவிடாமல், எழுதிய மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ ஈஸ்ட்ரோஜன் குறைந்து, கிளைக்கோஜன் குறைந்து, லாக்டோபேசில்லஸுக்கான உணவு மிகவும் குறைந்துபோகிறது. அவர்களுக்கு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் பாக்டீரியா நிலைப்பது கடினம். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த எஸ்ட்ரியால் களிம்பை யோனியில் பூசிய ஓர் ஆய்வு 1993இல் வெளியானது. ஒரு மாதத்திற்குள் அவர்களில் 61 விழுக்காட்டினருக்கு லாக்டோபேசில்லஸ் திரும்பியது. சிறுநீர்த் தொற்றும் வெகுவாகக் குறைந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இதைத் தொடக் கூடாது.

பாக்டீரியல் வஜைனோசிஸுக்குச் சிகிச்சை பெற்ற பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் அது திரும்பிவிடுகிறது. அப்போது பழி முழுவதும் பெண்ணின் தூய்மையின் மேல் விழுகிறது. ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2025இல் வெளியான ஆய்வு இதை வேறு விதமாகப் பார்க்க வைத்தது: பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது பன்னிரண்டு வாரங்களில் 63 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது; துணைவருக்கும் ஏழு நாட்கள் மெட்ரோனிடசோல் மாத்திரையும் கிளிண்டாமைசின் களிம்பும் கொடுத்தபோது அது 35 விழுக்காடாகக் குறைந்தது. எனவே மூன்றாம் முறை, நான்காம் முறை என்று நோய் திரும்பும் பெண், புதிய புரோபயாட்டிக் ஒன்றைத் தேடுவதை விட்டுவிட்டு அடுத்த முறை மருத்துவமனைக்குக் கணவனையும் அழைத்துச் செல்லட்டும். கருவுற்றிருப்பவர்கள், காய்ச்சலோ அடிவயிற்று வலியோ உள்ளவர்கள், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் கலந்து படுவதைக் காண்பவர்கள் ஆகியோர் எந்த மாத்திரையையும் தாமாக வாங்காமல் அன்றே மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.