சிங்கப்பூர் ஸ்கூல் லீவும் டெல்டா வானமும்: ஊருக்கு எப்போது வரலாம்?

சிங்கப்பூரிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் ஸ்கூல் லீவைப் பார்த்துத்தான் டிக்கெட் போடுகிறார்கள். ஜூனில் நாலு வாரம், நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் கடைசி வரை ஆறு வாரம், இடையில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். சிக்கல் என்னவென்றால், பெரிய லீவு இரண்டுமே டெல்டாவுக்குத் தோதான காலம் இல்லை. ஜூனில் காயும், நவம்பரில் ஊறும். அதற்காக வராமல் இருக்க முடியுமா? தாத்தா பாட்டி இருக்கிறார்கள், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது பாக்கி இருக்கிறது. வாருங்கள், எந்த மாதத்தில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

"நாங்க பார்க்காத வெயிலா, மழையா?" என்று நிறையப் பேர் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், பார்த்திருக்க மாட்டீர்கள். சிங்கப்பூர் பூமத்திய ரேகையிலிருந்து ஒரு டிகிரி சொச்சம்தான் தள்ளி இருக்கிறது, சுற்றிலும் கடல். அதனால் இரவு 24, 25, பகல் 31, 32 என்று வருடம் முழுக்க ஒரே கதைதான், மாத சராசரி ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் மாறுவதில்லை. அங்கே பதிவான உச்ச வெப்பமே 37 டிகிரி. 1983இல் ஒரு தடவை, 2023 மே மாதத்தில் ஒரு தடவை. மே மாதத்தில் எங்களுக்கு 37 வந்தால் "இன்னைக்குப் பரவாயில்லையே" என்போம். மழையும் அப்படித்தான். அங்கே வருடத்துக்குச் சுமார் 210 செ.மீ. பெய்கிறது, ஆனால் பன்னிரண்டு மாதமும் பிரித்துப் பிரித்துப் பெய்கிறது. மத்தியானம் இடித்துக் கொட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும், நீங்களும் மூடிய நடைபாதையிலேயே எம்ஆர்டி வரை போய்விடுவீர்கள். டெல்டாவில் மொத்தமே அதில் பாதி சொச்சம்தான். அந்தப் பாதியிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் விழுந்து முடிந்துவிடும். அதாவது, சரியாக உங்கள் டிசம்பர் லீவில்.

நவம்பர், டிசம்பர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டமாக வருவது அப்போதுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் இருபது வாக்கில் தொடங்கும். வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகும், நகரும், நிற்கும், வலுவிழக்கும், அடுத்தது வரும். இரண்டு தாழ்வுகளுக்கு நடுவே நாலைந்து நாள் பளிச்சென்று வெயில் அடிக்கும், அதைப் பார்த்து ஏமாந்து எல்லாக் கோயிலையும் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைக்காதீர்கள். வந்த அன்று வெயில் என்றால் அன்றே கிளம்புங்கள். பெய்யத் தொடங்கினால் அடைமழைதான், துவைத்த துணி மூன்று நாளைக்குக் காயாது. கூடத்தில் கொடி கட்டி ஃபேனைப் போட்டும் ஜீன்ஸ் இடுப்புப் பக்கம் ஈரமாகவே இருந்து ஒரு முடை நாற்றம் அடிக்கும். ஜீன்ஸை விட்டுவிட்டு வாருங்கள், சீக்கிரம் காயும் மெல்லிய துணியாக எடுத்து வாருங்கள். தெருவெல்லாம் சேறு, அதில் ஷூ போட்டு நடப்பதில் அர்த்தமே இல்லை, ரப்பர் செருப்புதான் சரி. வீட்டுக்கு வந்ததும் கால் விரல் இடுக்கைத் துடைத்து ஈரம் இல்லாமல் வைத்துக்கொள்ளாவிட்டால் சேற்றுப்புண் வரும்.

புயல் என்றதும் உங்கள் வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களை நம்பிப் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று டிவியில் சொல்வார்கள். 1 என்றால் எங்கேயோ தூரத்தில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது, கல்யாண வேலையைத் தொடர்ந்து பார்க்கலாம். 8, 9, 10 என்று போனால் வீட்டை விட்டு நகரக் கூடாது. சென்னை வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுக்கிறது. சிவப்பு என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். புயலே இல்லாமலும் இது நடக்கும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. சிங்கப்பூரில் அதிகம் மழை பெய்யும் டிசம்பர் மாதம் முழுக்கச் சேர்த்தாலே சராசரி 33 செ.மீ. வாக்கில்தான் வரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இலங்கையைக் கடந்து போய்விட்டது என்று நிம்மதி அடைவதும் தப்பு: 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைப் பக்கம் கரையேறி மன்னார் வளைகுடாவுக்குள் வந்து நின்றுகொண்டது, இங்கே விடாமல் பெய்து சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது.

பெரிய புயல் வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கஜாவைத்தான் சொல்வோம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரைக்கும் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. மின்கம்பம் சாய்ந்து பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லை என்றால் விளக்கு எரியாது என்பது பெரிய விஷயமே இல்லை. மோட்டார் ஓடாது, மேல்தொட்டி காலியாகும், கக்கூஸுக்குத் தண்ணீர் இருக்காது. அதனால் கூண்டு எண் ஏறும்போதே தொட்டி, டிரம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பச் சொல்லுங்கள். செல்போன் டவர் போனால் ஏடிஎம்மும் போகும், கூகுள் பேயும் போகும், கையில் ரொக்கம் இருக்க வேண்டும். வயதானவர்களின் மாத்திரையை ஒரு மாதத்துக்கு வாங்கி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள். சம்பா பயிர் நிற்கும் இந்தக் காலத்தில் பொழுது சாய்ந்து விளக்குப் போட்டால் பச்சையாக எள்ளளவு பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்துவிடும், ட்யூப்லைட்டைச் சுற்றிச் சுற்றித் தட்டில் விழும், பிள்ளைகள் கத்துவார்கள். ஊர்க்காரர்கள் ஆறரைக்கே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள், இல்லையென்றால் வாசல் விளக்கை மட்டும் போட்டுவிட்டு உள்ளே அரை இருட்டில் சாப்பிடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஜூனுக்கு வருவோம். கத்திரி மே 28 வாக்கில் முடிந்துவிடுகிறதே என்று நினைப்பீர்கள். பஞ்சாங்கத்தில் முடியும், வெயிலுக்கு அது தெரியாது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்திவிடுகிறது. எங்களுக்கு வருவது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வறண்ட மேல்காற்று மட்டும்தான். சிங்கப்பூரில் வியர்வை உடம்பிலேயே நிற்கும், தாகம் தெரியும். இங்கே அந்தக் காற்று வியர்வையை உடனே காயவைத்துவிடும், நீர் குறைவது தெரியாது, சாயங்காலம் தலைவலி, மயக்கம் என்று படுத்த பிறகுதான் தெரியும். தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள்: மோர், இளநீர், நுங்கு. ஓஆர்எஸ் பாக்கெட் எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். ரோட்டோரக் கடையில் ஐஸ் மட்டும் வேண்டாம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்தால் கொஞ்சம் ஆறுதல். அது வரும்வரை அங்கே பிசுபிசுப்புதான்.

நேர வித்தியாசத்தை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் சூரியன் உதிப்பதே ஏழு மணி வாக்கில், எட்டு மணிக்கு இளவெயில்தான். இங்கே ஜூனில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும், எட்டு மணி வெயில் சுள்ளென்று அடிக்கும். "எட்டுக்குக் கிளம்பலாம்" என்பது உங்கள் ஊர்க் கணக்கு. ஆனால் இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் முதல் நாலைந்து நாள் நாலரைக்கே தானாக விழிப்பு வரும். படுத்துப் புரளாமல் குளித்துவிட்டு ஆறு மணிக்குப் பெரிய கோயிலில் இருங்கள். பதினொன்றுக்கு மேல் அந்தக் கல் தரையில் வெறுங்காலோடு பிள்ளைகள் துள்ளுவதைப் பார்க்கச் சகிக்காது. பெரும்பாலான கோயில்களில் எப்படியும் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள்.

இரவில் கான்கிரீட் வீடு பகலில் குடித்த சூட்டை விடியவிடியக் கக்கும். ஏசி போட்டால் ஊரே ஏசி போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். சாயங்காலம் மொட்டைமாடியில் நாலு குடம் தண்ணீரை ஊற்றி ஆறவிட்டு, கொசுவலை கட்டிப் பாய் போட்டால் பத்து மணிக்கு மேல் நல்ல காற்று. ஓட்டு வீடு இன்னும் நிற்கிறது என்றால் அதிர்ஷ்டம், சித்தப்பா அதை இடித்துத் தளம் போடப் பணம் கேட்டால் யோசித்துக் கொடுங்கள்.

ஜூனில் நல்லது ஒன்று உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். இங்கே சொட்டு மழை இல்லாமல் ஆற்றில் தண்ணீர் வரும். அது குடகிலும் கேரளத்தையொட்டிய மலைகளிலும் பெய்த மழை. கல்லணைக்கு மூன்று நாள் வாக்கில் வரும், கடைமடைக்கு இன்னும் பல நாள் ஆகும். இருப்பு இருந்தால்தான் திறப்பு: 2022இல் மே 24க்கே திறந்தார்கள், 2024இல் ஜூலை கடைசிதான். "ஆற்றில் குளிக்கலாம்" என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன் ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். குளிப்பது ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து தெரியாது, நீச்சல் குளத்தில் வாங்கிய மெடல் அங்கே செல்லாது.

மார்ச் வாரம் பரவாயில்லை, பகலில் ஏறத் தொடங்கியிருக்கும், சாயங்காலம் இதம். செப்டம்பர் வாரத்தில் ஆறு நிறைய ஓடும், குறுவை அறுப்பு நடக்கும், இரவில் இடியோடு ஒரு மழை வந்து குளிரவைக்கும். செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அந்தப் பக்கம் ரூம் கிடைப்பது கஷ்டம்.

லீவுக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் தை, மாசியில் வாருங்கள், என்னைக் கேட்டால் அதுதான் டெல்டா. இரவு 20, 21 டிகிரி, சிங்கப்பூர்ப் பிள்ளைகள் ஸ்வெட்டர் கேட்பார்கள். பொங்கல், திருவையாற்று ஆராதனை, சம்பா அறுவடை, கல்யாண முகூர்த்தம் எல்லாம் அப்போதுதான். இரண்டு எச்சரிக்கை: விடிகாலைப் பனிமூட்டத்தில் எதிரே வரும் வண்டி தெரியாது, அதனால் நள்ளிரவில் திருச்சியில் இறங்கினால் டிரைவரை விரட்டாதீர்கள். கிராமத்து ரோடுகளில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், இரவில் பைக் ஓட்டும்போது கவனம். மகாமகம் 2028 மாசியில் வருகிறது, கும்பகோணத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் இப்போதே துண்டு போட்டு வையுங்கள்.

எந்த மாதமானாலும் இரவில் டார்ச் இல்லாமல் கொல்லைப் பக்கம் போகாதீர்கள். மழைக்காலத்தில் கட்டுவிரியன் வீட்டுக்குள்ளேயே வரும், வெறும் தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரி, விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கும். டெங்கு உங்களுக்குப் பழக்கமான சங்கதி, மழை விட்ட பிறகு இங்கேயும் உண்டு. நவம்பர், டிசம்பரில் திரும்புகிறவர்கள் விமானத்துக்கு முதல் நாளே திருச்சிக்குப் போய்த் தங்கிவிடுங்கள், வடுவூர்ப் பக்கம் ரோட்டில் மரம் விழுந்து கிடப்பதற்காக விமானம் காத்திருக்காது.