பதிவு எழுதும்போது உங்கள் பேச்சைத் தொலைக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

மும்பையில் தாராவி, சயான் பக்கம் சின்னதாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பதிவு எழுத நான் உதவி செய்துவருகிறேன். ஆரம்பத்தில் நாங்களெல்லாம் செய்த அதே தவறுகளைத்தான் புதிதாக வருகிறவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, ஹேஷ்டேக் குவியல், மங்கலான போட்டோ, இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள், விட்டுவிடுகிறேன்.

பேசுகிற தமிழைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத விஷயம் இதுதான். நைன்டி ஃபீட் ரோடு பக்கம் ஒரு தம்பி இருக்கிறான். பூர்வீகம் திருநெல்வேலி, பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே. அப்பா விடியற்காலையில் அவித்த இட்லியை சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அடித்தபடி தெருத்தெருவாக விற்கிறவர். பையன் ஆர்டர் பிடிக்க இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினான். முதல் பதிவு: “ஆரோக்கியமான, சுவையான, பாரம்பரிய இட்லி! உங்கள் காலைப்பொழுதை இனிமையாக்குங்கள்!”

இதை மாவு பாக்கெட் கம்பெனியும் எழுதலாம், ஸ்டார் ஹோட்டலும் எழுதலாம். இவன் எழுதினான் என்பதற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை. சரி, இந்தத் தொழிலில் உங்களுக்கு என்னதான் கஷ்டம் என்று கேட்டேன். மடமடவென்று சொன்னான்: “மே மாசம் வந்தா மாவு நம்ம பேச்சக் கேக்காதுண்ணே. ராத்திரி பதினொண்ணுக்கே பொங்கி அண்டாவ விட்டு வெளிய வந்துரும். அதனால அப்பா அரைக்கும்போதே ஐஸ் தண்ணிதான் ஊத்துவாரு. ஜனவரில அதே மாவுக்குச் சாக்கு போத்தணும்.”

பதிவே இதுதான் தம்பி, இதை அப்படியே போடு என்றேன். “இதப்போயி யாராவது எழுதுவாங்களாண்ணே” என்று சொல்லிவிட்டு, மாதக்கணக்கில் ‘இனிமையாக்குங்கள்’ வகையறாவையே போட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டதெல்லாம் ஏற்கனவே இட்லி வாங்குகிற தெருக்காரர்கள்தான். கல்யாண சீசன் ஒன்று முழுசாகக் கைவிட்டுப் போனது, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கடைசியில் ஒருநாள் ஐஸ் தண்ணி சமாச்சாரத்தைப் போட்டான். செம்பூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், வீட்டு கிரைண்டருக்கும் இப்படி ஊற்றலாமா என்று கீழே கேட்டிருந்தார்.

ஏன் இப்படி ஆகிறது? மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களுக்குக்கூட, இந்தியும் மராத்தியும் கலந்த தங்கள் தமிழ் மட்டம் என்று ஒரு நினைப்பு. அதனால் எழுத உட்கார்ந்ததும் டிவி விளம்பரத் தமிழையோ சென்னை யூடியூபர் பேசுகிற தமிழையோ கடன் வாங்குகிறார்கள். நாக்கா (தெருச் சந்திப்பு), கோலி (ஓர் அறை வீடு), கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் தமிழ். நாக்கா என்று எழுதினால் மதுரைக்காரருக்குப் புரியுமா என்று கேட்கிறார்கள். வாக்கியம் தெளிவாக இருந்தால் கண்டிப்பாகப் புரியும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. அத்தை பையனுக்கோ கூடப் படித்தவளுக்கோ கோபமாகவோ சந்தோஷமாகவோ நீளமாக அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் ஒன்றைத் தேடி எடுங்கள். விஷயத்தை எந்த முனையிலிருந்து தொடங்குகிறீர்கள், எங்கே நிறுத்துகிறீர்கள், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். எழுதவே வரவில்லை என்றால் வாய்ஸ் நோட்டாகச் சொல்லி, அதைக் கேட்டு டைப் செய்துவிட்டு, அப்புறம் இலக்கணத்தை மட்டும் சரிசெய்யுங்கள்.

அதற்காக வட்டார வழக்கை அள்ளிக் கொட்டுவது

ஒரு பதிவுக்கு ஒன்றிரண்டு சொல் போதும். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டி வந்தால் வாசகர் போய்விடுவார்.

இடத்துக்காக வாக்கியத்தின் வாலை வெட்டுவது

எக்ஸ் தளத்தில் (அப்போது ட்விட்டர்) 2017-இல் 140 எழுத்தை 280 ஆக்கினார்கள், காசு கட்டாத கணக்குக்கு இன்றும் அவ்வளவுதான். ஆனால் அது புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணும். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, அதன் கணக்கில் ஐந்து. இடம் முட்டியதும் எல்லோரும் முதலில் வெட்டுவது ‘பாருங்க’, ‘தானே’, ‘அப்புறம் என்ன’ மாதிரிச் சொற்களைத்தான். நீங்கள் பேசுவது போலக் கேட்பதே அவற்றால்தான், அவற்றை விட்டுவைத்துவிட்டு ஒரு தகவலைக் குறையுங்கள். இன்ஸ்டாகிராமில் 2,200 வரை இடம் உண்டு, ஆனால் முதல் ஓரிரண்டு வரியோடு மடித்துவிடும். அந்த இடத்தை ‘வணக்கம் நண்பர்களே’வுக்குக் கொடுக்காதீர்கள்.

முதல் வரைவை ஏஐயிடம் கேட்பது

வேண்டாம். எழுதி முடித்தபின் பிழை பார்க்க மட்டும் கொடுங்கள்.

ஊர்க்காரர்கள் பார்ப்பார்களே என்று பயப்படுவது

இங்கே போடுகிற பதிவு அன்றைக்கே ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விடும், மாமா சித்தப்பா எல்லோரும் படிப்பார்கள் என்பது உண்மைதான். அந்தப் பயத்தில்தான் பலர் நன்றாக எழுதிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று மேடைத் தமிழுக்குத் தாவுகிறார்கள். போடுவதற்கு முன் வீட்டில் ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். “இத யாருடா எழுதிக் குடுத்தா?” என்று கேட்டால் இன்னும் போட வேண்டாம்.