ஆட்டோ இம்யூன் சந்தேகமா? நிபுணரைப் பார்க்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் உடம்பையே தாக்குவதுதான் ஆட்டோ இம்யூன் நோய். அந்தச் சந்தேகத்தில் எடுக்கும் ரத்த டெஸ்ட்டுகளில் ஒன்று ஏ.என்.ஏ.; நம் செல்களின் கருவையே எதிர்க்கும் ஆன்டிபாடிகளை (எதிர்ப்புப் புரதங்களை) அது தேடுகிறது. ரிப்போர்ட்டில் ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’ என்று வந்த நாளுக்கும் ருமட்டாலஜிஸ்ட்டை (வாதநோய் நிபுணரை) பார்க்கும் நாளுக்கும் நடுவே வாரங்கள் போகும், மாதங்கள்கூட ஆகலாம். தவறுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. பயத்தில் கூடுதல் டெஸ்ட்டுகளை எடுத்துக் குவிக்கிறார்கள். வலி தாங்காமல் மாத்திரையை மாற்றுகிறார்கள். எங்கோ படித்ததை நம்பிச் சாப்பாட்டை மாற்றுகிறார்கள். எழுதிவைத்திருக்க வேண்டியதை மட்டும் யாரும் எழுதிவைப்பதில்லை.

லூபஸ் (தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்குவது), முடக்குவாதம் (மூட்டுகளில் அழற்சி), ஷோக்ரன் (கண்ணும் வாயும் வறள்வது) போன்ற ஆட்டோ இம்யூன் நோய்களை ஒரே ஒரு டெஸ்ட் எடுத்து உறுதிசெய்துவிட முடியாது. நோயாளி சொல்லும் வரலாறு, மருத்துவர் தொட்டுப் பார்த்து அறிவது, ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். அதில் வரலாற்றுக்குத்தான் எடை அதிகம். ரத்தத்தை அடுத்த வாரமும் எடுக்கலாம். ஆறு மாதத்துக்கு முன் விரல்கள் எப்படி வீங்கியிருந்தன என்பது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாதவை

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் குறித்த தேதிக்காகக் காத்திருப்பது ஆபத்து, அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்: ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக வந்த தலைவலி, அதோடு மெல்லும்போது தாடை வலி அல்லது பார்வை மங்கல்; மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், பாதமோ மணிக்கட்டோ திடீரெனத் தூக்க முடியாமல் தொங்குவது, முகமும் காலும் வீங்கிச் சிறுநீர் நிறம் மாறுவது, வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, ஒரே ஒரு மூட்டு சூடாகிச் சிவந்து வீங்கி, காய்ச்சலும் சேர்வது. கடைசியில் சொன்னது மூட்டுக்குள் சீழ்த்தொற்றாக இருக்கலாம்; சில நாள் தாமதித்தாலும் மூட்டு கெட்டுவிடும்.

இடையில் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்வது

வலி உச்சத்தில் இருக்கும்போது பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டால் ஓரிரு நாளில் உடம்பு லேசாகிவிடும். சிக்கலே அதில்தான் இருக்கிறது. நிபுணர் முன் போய் உட்காரும்போது மூட்டு வீக்கம் வடிந்திருக்கும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்த அளவு இறங்கியிருக்கும், தோல் தடிப்பு மங்கியிருக்கும். பயாப்ஸி (திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது) எடுத்தாலும் தெளிவாகப் புலப்படாமல் போகலாம். ஸ்டீராய்டு எந்த அழற்சியையும் அடக்கும் என்பதால், ‘ஊசி போட்டதும் சரியாகிவிட்டது’ என்பதை வைத்து இன்ன நோய் என்று சொல்ல முடியாது. உயிருக்கோ பார்வைக்கோ ஆபத்து என்று மருத்துவர் கருதினால் ஸ்டீராய்டை உடனே தொடங்கத்தான் வேண்டும். அங்கே நோயின் பெயருக்காகக் காத்திருக்கக் கூடாது. மற்றபடி, கொடுப்பவரிடம் ‘இன்ன தேதியில் நிபுணரைப் பார்க்கப் போகிறேன், அதுவரை வேறு வலி மருந்து போதுமா’ என்று கேளுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறு இன்னும் மோசமானது. ஏற்கெனவே மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்து வருபவர், ‘டெஸ்ட் சரியாக வரட்டும்’ என்று திடீரென நிறுத்திவிடுவது. அதற்குள் உடம்பின் இயற்கையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையும் நின்றால் ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தி, மயக்கம் என உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தாதீர்கள். தொடங்கிய தேதி, எத்தனை மில்லிகிராம், எப்போது குறைத்தது, குறைத்தபோது எது திரும்பி வந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் யாராவது மூட்டுவலி மருந்து கொடுத்திருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அப்படிப்பட்ட மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

ஏ.என்.ஏ.-வையே நோய் என்று நினைப்பது

1997-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், நோய் இல்லாதவர்களின் ரத்தத்தில் 1:40 அளவில் (ரத்த நீரை 40 மடங்கு நீர்த்துப் பார்ப்பது; பின்னால் உள்ள எண் கூடினால் ஆன்டிபாடி அதிகம்) ஏறக்குறைய 32 சதவீதம் பேருக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவாக இருந்தது. 1:80-ல் 13 சதவீதம், 1:160-ல் 5 சதவீதம், 1:320-ல் 3 சதவீதம். பாசிட்டிவ் என்ற சொல் மட்டும் எதையும் சொல்வதில்லை என்பதற்கு இந்த எண்களே போதும். அளவு எவ்வளவு, மைக்ரோஸ்கோப்பில் எந்த வடிவம், உடம்பில் அதற்குப் பொருந்தும் அறிகுறி என்ன என்பதைத்தான் மருத்துவர் பார்ப்பார். 2019-ல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட லூபஸ் வகைப்பாட்டில் 1:80 அல்லது அதற்கு மேற்பட்ட ஏ.என்.ஏ. என்பது நுழைவு நிபந்தனை மட்டுமே. அதன் பிறகு சிறுநீரகம், மூட்டு, தோல், ரத்த அணுக்கள் என்று புள்ளிகள் சேர்ந்து 10-ஐத் தொட வேண்டும்.

ஆகவே மாதாமாதம் ஏ.என்.ஏ. எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. நோய் கூடுகிறதா குறைகிறதா என்பதை அது காட்டாது.

நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாகி அப்பாயின்ட்மென்ட்டை ரத்துசெய்வதும் தவறுதான். முடக்குவாதம் உள்ளவர்களில் கணிசமானோருக்கு அந்நோய்க்காக எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்த டெஸ்ட் நெகட்டிவாகவே இருக்கும். மறுபுறம் முதுமை, ஹெபடைட்டிஸ் சி, காசநோய் போன்றவற்றால் முடக்குவாதம் இல்லாமலும் அது பாசிட்டிவாகும். முதுகெலும்பு வாதத்தோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. பி27 மரபணு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதே இல்லை. அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்த டெஸ்ட்டான ஈ.எஸ்.ஆர். வயதோடு கூடும், ரத்தசோகையிலும் கர்ப்பத்திலும் கூடும்.

ரிப்போர்ட்டைக் கொண்டுபோவதிலும் ஒரு கவனம் தேவை. ‘எல்லாம் நார்மல்’ என்று வாயால் சொல்லாதீர்கள். எண்ணும், அலகும், லேப் பெயரும் உள்ள தாளையே கொடுங்கள். பழையது அடியில், புதியது மேலே என்று தேதிவாரியாக அடுக்குங்கள். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. என்றால் அறிக்கையோடு படங்களும் வேண்டும். சிறுநீர் ரிப்போர்ட்டைப் பலர் வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது வலி இருக்காது. புரதமோ ரத்த அணுவோ சிறுநீரில் தெரிவதுதான் முதல் அடையாளமாக இருக்கலாம். மாதவிடாய் நாட்களில் கொடுத்த சிறுநீரில் ரத்தம் கலந்து குழப்பும் என்பதால் அந்த நாட்களைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் லேபில் சொல்லிவிடுங்கள்.

‘உடம்பெல்லாம் வலி’ என்று சொல்வது

இந்த ஒரு வாக்கியத்தை வைத்து மருத்துவரால் எதுவும் செய்ய முடியாது. எந்த மூட்டு, எப்போது, எவ்வளவு நேரம் என்று தெரிந்தால்தான் அழற்சியா தேய்மானமா என்று பிரிக்க முடியும். அழற்சி வலி ஓய்வில் கூடும், அசைந்தால் குறையும்; தேய்மான வலி உழைக்க உழைக்கக் கூடும். காலையில் எழுந்ததும் வரும் இறுக்கம் தேய்மானத்தில் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். அழற்சியில் அது ஒரு மணி நேரத்தையும் தாண்டலாம். ஆகவே நிமிடக் கணக்கு முக்கியம். எழுந்த நேரத்தையும், முஷ்டியை முழுதாக மடக்க முடிந்த நேரத்தையும் இரண்டு வாரம் குறித்து வாருங்கள். அன்று வலி மாத்திரை போட்டீர்களா என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

முழு வரலாறு ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். இருபது பக்க நாட்குறிப்பை யாராலும் அந்த நேரத்தில் படிக்க முடியாது. இப்படி எழுதினால் போதும்: ‘மார்ச்: வலது ஆள்காட்டி விரல், நடுவிரல் அடிமூட்டில் வீக்கம். 6 மணிக்கு எழுந்தால் 7.30 வரை விரல் மடங்கவில்லை. ஏப்ரல்: இடது கையிலும் அதே. மே: காய்ச்சல் இல்லை, எடை 4 கிலோ குறைந்தது.’ முதல் அறிகுறிக்குச் சில வாரங்கள் முன்பு காய்ச்சல் வந்திருந்தால் அந்தத் தேதியையும் சேருங்கள். பார்வோ வைரஸால் வரும் மூட்டுவலி பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். சிக்குன்குனியா மாதக்கணக்கில் இழுத்து, பார்ப்பதற்கு முடக்குவாதம் போலவே இருக்கும்.

‘அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று விட்டுவிடுவது

மூட்டுவலிக்காகப் போகிறவர் வாய்ப்புண்ணைப் பற்றிச் சொல்வதில்லை. பல வருடம் முன்பு நடந்த கருச்சிதைவைச் சொல்வதில்லை. ஆனால் விடை பல நேரம் அங்கேதான் இருக்கும். வலிக்காத வாய்ப்புண், கொத்தாக முடி உதிர்வது, வெயில் பட்டதும் முகத்தில் தடிப்பு, கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல், தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாத வறட்சி, ஆழமாக மூச்சிழுத்தால் நெஞ்சில் குத்துவது, நுரைக்கும் சிறுநீர், கண் சிவந்து வலித்தது, நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, தலையிலோ முழங்கையிலோ செதில்... இவை எல்லாவற்றையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்ததா, எத்தனை கரு எந்த வாரத்தில் கலைந்தது என்பவை ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் (ரத்தம் எளிதில் உறையும் ஆட்டோ இம்யூன் நோய்) இருக்கிறதா என்று தேட வைக்கும். அந்த டெஸ்ட் பாசிட்டிவ் என்றாலும் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்துத்தான் உறுதிசெய்வார்கள்.

குடும்பத்தில் தைராய்டு, டைப் 1 சர்க்கரை, சோரியாசிஸ், வெண்புள்ளி, சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கும் நோய்) யாருக்கு உண்டு என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மருந்துகளில் எதையும் மறைக்காதீர்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரலசின், காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட், முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளின் போன்றவையே லூபஸ் போன்ற நோயைத் தூண்டக்கூடும். மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வதுதான் எளிது.

போட்டோ எடுக்காமல் விடுவது

தடிப்பும் வீக்கமும் வரும், போகும். மருத்துவரிடம் போகும் நாளில் இருக்காது. வந்த அன்றே பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம், நெருக்கத்தில் ஒரு படம். முகத்தில் தடிப்பு என்றால் மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பும் படத்தில் தெரிய வேண்டும்; லூபஸ் தடிப்பு பெரும்பாலும் அந்த மடிப்பை விட்டுவிடும். குளிரில் விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தால் அந்தந்த நிறத்திலேயே எடுங்கள். கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, ஊதாவாகவோ அடர்பழுப்பாகவோ தெரியும். ‘சிவக்கவில்லையே’ என்று விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டையும் சத்து மாத்திரையையும் மாற்றுவது

கோதுமையை நிறுத்திவிட்டுச் சீலியாக் டெஸ்ட் எடுத்தால், நோய் இருந்தாலும் நெகட்டிவாக வரலாம். அந்த டெஸ்ட் தேடும் ஆன்டிபாடி குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உருவாகும். டெஸ்ட் முடியும்வரை வழக்கமான சாப்பாடே இருக்கட்டும்.

முடி உதிர்வுக்காக எடுக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் இன்னொரு சிக்கல். பெரியவர்களுக்கு நாளுக்கு 30 மைக்ரோகிராம் போதும். முடி மாத்திரைகளில் 5,000 முதல் 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கும். பல ஹார்மோன் டெஸ்ட்டுகள் பயோட்டினை வைத்தே இயங்குவதால், தைராய்டு டெஸ்ட்டில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும், இல்லாத தைராய்டு நோய் இருப்பதுபோல் வரலாம். ரத்தம் கொடுக்கக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். மிக அதிக அளவில் எடுப்பவர்கள் எத்தனை நாள் என்று லேபில் கேட்பது நல்லது.

அன்றைய தினம்

முகப்பூச்சு, நகப்பூச்சு வேண்டாம். நகம் தொடங்கும் இடத்துத் தோலில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களை மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்க்கக்கூடும். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். முழங்கால்வரை எளிதாக ஏற்றக்கூடிய உடை நல்லது. சாதாரண வலி மாத்திரையை அன்று காலை தள்ளிப்போட முடிந்தால் வீக்கம் நன்றாகத் தெரியும். முடியாவிட்டால் போட்டுக்கொண்டு, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

கர்ப்பத் திட்டத்தை நேரம் வரும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த நோய்களுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட், மைகோபினோலேட், லெஃப்ளுனோமைட் ஆகிய மருந்துகள் கருவைப் பாதிக்கும். ஹைட்ராக்சிகுளோரோகுவின் பொதுவாகக் கர்ப்பத்திலும் தொடரும் மருந்து. தடுப்பூசி விவரத்தையும் கொண்டுபோங்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து தொடங்கிய பிறகு உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைப் பொதுவாகப் போட மாட்டார்கள். முன்பு காசநோய், ஹெபடைட்டிஸ் பி வந்திருந்தால் அதுவும் மருந்துத் தேர்வை மாற்றும்.

முதல் நாளே நோயின் பெயர் தெரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதால் பலர் மனமுடைந்து மருத்துவரை மாற்றுகிறார்கள். இன்னதென்று இன்னும் பிரிக்க முடியாத இணைப்புத்திசு நோய் என்பதும் மருத்துவத்தில் ஒரு முறையான முடிவுதான். அப்படிச் சொன்னால் எழுந்திருக்கும் முன் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த அறிகுறி வந்தால் தேதிக்கு முன்பே வர வேண்டும், ரத்தமும் சிறுநீரும் மறுபடி எப்போது பார்க்க வேண்டும், மாத்திரையை எந்த அளவில் எப்படி எடுக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் எழுதியிருந்தால் அது வாரத்துக்கு ஒருமுறை மட்டும். தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதை மருத்துவரையே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.