நிலத் தரகுத் தொழிலுக்கு வருகிறீர்களா? விசிட்டிங் கார்டு அப்புறம் அடிக்கலாம்

"அண்ணே, கார்டு அடிச்சுட்டேன். பார்ட்டி எப்படிப் பிடிக்கிறது?" இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஒரு பட்டாவைக் கையில் கொடுத்து, இது எத்தனை சென்ட் என்று கேட்டால் முழிப்பார்கள். நானும் அப்படி முழித்தவன்தான், அதனால் குறை சொல்லவில்லை. தாம்பரம், கூடுவாஞ்சேரிப் பக்கம் அலைந்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். சட்டம், கட்டணம் எல்லாம் தமிழ்நாட்டுக்கு உரியவை.

முதலில் வீட்டுச் செலவைக் கணக்குப் போடுங்கள்

45 லட்ச ரூபாய் மனை ஒன்றை முடித்தால், ஒரு சதவீதம் கமிஷன் 45,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வாங்குபவர் உங்கள் ஆள், விற்பவர் இன்னொரு தரகரின் ஆள் என்றால் ஒரு பக்கத்துக் கமிஷன்தான் உங்களுக்கு. நடுவில் இன்னும் இரண்டு பேர் இருந்தால் அதிலும் பங்கு போகும். இடம் காட்டிய நாளிலிருந்து பத்திரம் பதியும் நாள் வரை, வங்கிக் கடன் இருந்தால் இரண்டு மூன்று மாதம் சாதாரணமாக ஆகும். ஆடி மாதத்தில் பெரும்பாலானோர் பேச்சைக்கூட எடுக்க மாட்டார்கள்.

அதனால் ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல், இருக்கும் வேலையை விடாதீர்கள். வாடகை வீடு பார்த்துக் கொடுப்பதிலிருந்து தொடங்குவது நல்லது. பல ஊர்களில் ஒரு மாத வாடகைதான் கமிஷன். சின்னத் தொகை, ஆனால் வாரக்கணக்கில் கைக்கு வந்துவிடும். தெருவும் பழகும், வீட்டுக்காரர்களும் பழகுவார்கள். இன்று வாடகைக்கு விடுபவர்தான் நாளை விற்பவர்.

ஓர் ஏரியாவை நடந்தே படியுங்கள்

சென்னை முழுக்கப் பார்க்கிறேன் என்பவரிடம் யாரும் வாங்க மாட்டார்கள். மூன்று நான்கு கிலோமீட்டர் சுற்றளவு போதும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோது, எல்லாரும் வண்டலூர் பக்கம் "பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில்" என்று விளம்பரம் போட்டார்கள். அந்த மனையிலிருந்து நிலையத்துக்கு நடக்க எவ்வளவு நேரம், ரயில் பாதையை எங்கே கடக்க வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரிந்தவனிடம்தான் பார்ட்டி நிற்கும்.

எந்தத் தெருவில் எந்தக் கோடையில் போர்வெல் வற்றியது, எங்கே உப்புத்தண்ணீர், மழைக்கு எங்கே முழங்கால் அளவு நிற்கும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 2015 வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. எந்தத் தெருவில் எதுவரை ஏறியது என்று அங்கே டீக்கடை வைத்திருப்பவர் சுவரைத் தொட்டுக் காட்டுவார். இதை மறைத்து விற்கவும் ஆட்கள் உண்டு. நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். வாங்குபவர் எப்படியும் முதல் மழையில் தெரிந்துகொள்வார், என் நம்பரும் அவரிடம் இருக்குமே.

தெருக்குத்து, தெற்குப் பார்த்த வாசல், ஈசானிய மூலை என்ற பேச்சும் வரும். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, திசைகாட்டியை வைத்துச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அளவுகள் விரல்நுனியில் இருக்கட்டும்

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 100 சென்ட் ஒரு ஏக்கர். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது சுமார் ஐந்தரை சென்ட். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் மா, குழி என்பார்கள். அங்கே ஒரு மா சுமார் 33 சென்ட்.

ஆனால் பட்டாவில் சென்ட் இருக்காது. ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். பட்டாவில் 0 - 08.00 என்று இருந்தால் எட்டு ஏர், 2.47-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 19 முக்கால் சென்ட். விற்பவர் "20 சென்ட் இருக்கு" என்பார். அந்தக் கால் சென்ட் வித்தியாசத்துக்குச் சுமார் 100 சதுர அடி. சதுர அடி 3,000 ரூபாய் போகும் இடத்தில் அது மூன்று லட்சத்துக்கும் மேல். பதிவு அலுவலக வாசலில் இந்தச் சண்டை வருவதை விட முதல் நாளே கணக்குப் போட்டுவிடுவது உத்தமம்.

காகிதம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. இடம் பிடித்திருக்கிறது என்று பார்ட்டி சொல்வதற்கு முன்பே, இடத்தை உங்கள் பட்டியலில் சேர்க்கும்போதே விற்பவரிடம் நகல்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். தர மறுப்பவரின் இடத்தை நான் காட்டுவதில்லை.

பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். குறைந்தது 30 வருடம் பின்னோக்கிப் போங்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலி நடுவில் அறுந்திருக்கிறதா, அடமானம் வைத்து மீட்காமல் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை பெயர்களை அம்புக்குறி போட்டு ஒரு தாளில் எழுதினால் ஓட்டை தானாகத் தெரியும்.

அடுத்து வருவாய்த்துறை இணையதளத்தில் பட்டாவும் புல வரைபடமும். பட்டா மட்டும் வைத்து யாரும் உரிமையாளர் ஆகிவிட முடியாது. உரிமைக்குப் பத்திரம் வேண்டும். ஆனாலும் இரண்டிலும் பெயரும் பரப்பும் ஒத்துப்போக வேண்டும். கூட்டுப்பட்டா என்றால் மற்றவர்கள் யார் என்று கேட்காமல் நகராதீர்கள். நிலம் ஏரி, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு இல்லை, கோயில் நிலம் இல்லை, பஞ்சமி நிலம் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். பஞ்சமி நிலம் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது; மற்றவர்கள் வாங்கினால் அந்தக் கிரயம் நிற்காது.

வில்லங்கம் சுத்தமாக இருந்தும் நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. அப்பா இறந்தபின் இரண்டு அண்ணன் தம்பிகள் விற்க வந்தார்கள். அட்வான்ஸும் கைமாறிவிட்டது. அப்புறம்தான், கட்டிக்கொடுத்த தங்கை ஒருவர் இருப்பது தெரிந்தது. "அவளுக்கு நகை போட்டாச்சு" என்றார்கள். நகை போட்டதால் சொத்தில் பங்கு போகாது. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல உரிமை கொடுத்தாகிவிட்டது. 2005-இல் நாடு முழுக்கவே சட்டம் வந்தது. அந்தத் தங்கை கையெழுத்துப் போட மறுத்தார், வியாபாரம் முறிந்தது, அட்வான்ஸைத் திரும்ப வாங்க நான் நான்கு மாதம் அலைந்தேன். இப்போதெல்லாம் வாரிசுச் சான்றைப் பார்க்காமல் பேச்சையே தொடங்குவதில்லை.

உரிமையாளருக்குப் பதிலாக இன்னொருவர் பவர் (விற்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) வைத்து விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். பதிவின்போது ஆயுள் சான்று கேட்பார்கள். முடிந்தால் அவரையே நேரில் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு பார்த்தாலும் நீங்கள் வக்கீல் இல்லை. லீகல் ஒப்பீனியன் வாங்குவது பார்ட்டியின் செலவு. அதை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அங்கீகாரமும் ரெராவும்

மனைப்பிரிவு என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனை தொடங்கிய அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதி கொண்டுவந்தது. "ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்" என்று வாயால் சொல்வது வேறு, வரன்முறை ஆணையைக் கையில் காட்டுவது வேறு.

500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவோ, எட்டு வீட்டுக்கு மேல் உள்ள அடுக்குமாடியோ 2016-ஆம் ஆண்டு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட புதுத் திட்டங்களை விற்றுக் கொடுக்க முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தனிநபருக்குக் கட்டணம் 25,000 ரூபாய், ஐந்து வருடத்துக்குச் செல்லும். பான், ஆதார், முகவரிச் சான்று, வருமான வரிக் கணக்கு நகல் ஆகியவை தேவைப்படும். பதிவில்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், சொத்து விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். தெருவில் ஒருவரின் பழைய வீட்டை முடித்துக் கொடுக்க இந்தப் பதிவு கட்டாயமில்லை. அதனால் முதல் வருடம் பழைய வீடு, தனி மனை என்று ஓட்டிவிட்டு, கை நிலைத்தபின் பதிவு செய்யலாம்.

பார்ட்டியிடம் பேசும்போது

வாங்குபவருக்கு மொத்தச் செலவையும் முதல் நாளே சொல்லுங்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்குப் பத்திரம் என்றால் 2,70,000 ரூபாய். 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்க விடாதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி சிக்கல்.

அப்புறம் உங்கள் கமிஷன். இடம் காட்டிய அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்: "இன்று காலை நீங்கள் பார்த்த கிழக்குப் பார்த்த மனை, முடிந்தால் தரகு ஒரு சதவீதம்." அவர் "சரி" என்று பதில் போட்டால் போதும். நான் இதைச் செய்யாத காலத்தில், என் வண்டியிலேயே இடம் பார்க்க வந்த ஒருவர், என் முதுகுக்குப் பின்னால் விற்பவரின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். பத்திரம் முடிந்த செய்தியே எனக்குப் பக்கத்து டீக்கடையில்தான் கிடைத்தது. பாதிக் கமிஷனைக் கிரய ஒப்பந்தம் போடும் நாளிலும், மீதியைப் பதிவு நாளில் அலுவலகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பும் கேட்டு வாங்குங்கள். மறுநாள் தருகிறேன் என்பது பெரும்பாலும் வராத பணம்.

பதிவு முடிந்து ஒரு மாதம் கழித்து வாங்கியவருக்குப் போன் போட்டு, பட்டாவில் பெயர் மாறிவிட்டதா, ஈ.பி. கனெக்‌ஷன் மாற்றினீர்களா என்று கேளுங்கள். எனக்கு இரண்டாவது வியாபாரம் அப்படி ஒரு போனில்தான் வந்தது. "தம்பி, எங்க மச்சானுக்கும் ஒரு மனை பாருங்களேன்" என்றார்.