சொரியாசிஸ் உள்ளவர்கள் ரத்த ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் எங்கள் சித்தப்பாவுக்குப் பதினோரு வருடமாகச் சொரியாசிஸ் என்ற தோல் நோய். மார்கழிக் குளிர் வந்தால் முழங்கையிலும் முழங்காலிலும் செதில் செதிலாக உதிரும். களிம்பை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். போன வருடம் ரத்தப் பரிசோதனை செய்தபோது, "மொத்தக் கொழுப்பு 178, நார்மல்தான்" என்று ஒரு லேபில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே தாளில் கீழே இருந்த வரிகளை யாரும் பார்க்கவில்லை. அந்த வரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சொரியாசிஸ் ஒட்டுவாரொட்டி அல்ல. ஆனால் தோலோடு நின்றுவிடுவதும் இல்லை. உடம்புக்குள் ஓயாமல் இருக்கும் அழற்சி, இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. அதனால்தான் இவர்களில் சர்க்கரை நோய், ரத்தக் கொழுப்பு, கொழுப்புக் கல்லீரல், இதய நோய் எல்லாம் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகின்றன.

படி 1: இடுப்பை அளந்து பாருங்கள்

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினால் குறித்துக்கொள்ளுங்கள். பேண்ட் சைஸை நம்ப வேண்டாம், அது தொப்பைக்குக் கீழே நிற்கும்.

படி 2: வெறும் வயிற்றில் போங்கள்

10 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும்தான். மலையில் இருப்பவர்களுக்கு இதுதான் கஷ்டம். விடியுமுன் காபி குடித்தே பழகியவர்கள், "பால் சேர்க்காத கட்டங்காபிதானே" என்று குடித்துவிட்டுப் பஸ் ஏறுவார்கள். அதுவும் கூடாது. முந்தின இரவு மதுவும் கூடாது, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) ஏறிவிடும். காய்ச்சல் இருந்தால் சரியானபின் போங்கள்.

படி 3: கேட்க வேண்டியவை

வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரை (தாளில் HbA1c என்று இருக்கும்), லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்பை வகை வகையாகப் பார்ப்பது), கல்லீரல் பரிசோதனை. மருத்துவர் சொன்னால் யூரிக் அமிலமும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிறார்கள், அது பெரிய உதவி. ஆனால் கொழுப்பு அந்த விரல்நுனிச் சொட்டில் தெரியாது.

படி 4: ஐந்தை எண்ணுங்கள்

மொத்தக் கொழுப்பை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள்:

இடுப்பளவு மேலே சொன்னபடி.
டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல்.
எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) ஆண்களுக்கு 40-க்குக் கீழ், பெண்களுக்கு 50-க்குக் கீழ்.
வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல்.
ரத்த அழுத்தம் மேலே 130 அல்லது கீழே 85-ஐத் தொட்டால்.

ஐந்தில் மூன்று இருந்தாலே வளர்சிதை மாற்றக் கோளாறு, அதாவது சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடிய நிலை என்று கணக்கு. ஏற்கெனவே இவற்றுக்கு மாத்திரை சாப்பிட்டால் அதுவும் ஒரு எண்ணிக்கை.

சித்தப்பாவின் தாளில் டிரைகிளிசரைடு 212, எச்.டி.எல். 34, சர்க்கரை 104. டேப் எடுக்காமலே மூன்று வந்துவிட்டது. அத்தனைக்கும் ஆள் ஒல்லி! "நார்மல்" என்ற ஒரு சொல்லால் அவருக்கு ஒரு வருடம் போயிருக்கும். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு பதறுகிறது.

மூன்று மாதச் சர்க்கரை 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம், 6.5-இலிருந்து உள்ளே. இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டலாம். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 5: தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்

சுகர் டாக்டருக்கு மட்டும் என்று இந்த ரிப்போர்ட்டை எடுத்து வைக்காதீர்கள். சொரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெடின் டிரைகிளிசரைடை ஏற்றும். சைக்ளோஸ்போரின் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை போடும் மருந்து, அதற்குக் கல்லீரலைக் கவனிக்க வேண்டும். எதைத் தருவது என்று மருத்துவர் முடிவெடுக்க இந்த எண்கள் வேண்டும். எண்ணைப் பார்த்துப் பயந்து நீங்களாக மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவும் பொது மருத்துவமும் ஒரே வளாகத்தில் இருப்பது மலையிலிருந்து வருபவர்களுக்கு வசதி.

அப்புறம், மருந்து ஆரம்பிக்கும் முன் எடுத்த ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். பின்னால் எடுப்பதை அதோடுதான் ஒப்பிடுவார்கள். சித்தப்பா இப்போது எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார். கடைசித் தாளில் டிரைகிளிசரைடு 168.